தொட்டுட்டுப் போங்க

எங்கள் வீட்டில் ஆங்கிலம் என்றால் நான்தான். கேஸ் சிலிண்டர் வரப்போகிறது என்கிற குறுஞ்செய்தியில் தொடங்கி, மாத்திரை அட்டையின் முதுகில் இருக்கும் பொடி எழுத்து வரை எல்லாம் என்னிடம்தான் வரும். அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்த நாளில் இந்த வேலையும் வந்து ஒட்டிக்கொண்டது. பள்ளியிலாவது மணி அடித்தால் விட்டுவிடுவார்கள். வீட்டில் மணி கிடையாது. சாப்பிட உட்காரும்போதும் தலை துவட்டும்போதும் "பாப்பா, இது என்னான்னு பாரு" என்று அம்மா போனை நீட்டுவாள். நாற்பதைத் தாண்டியவளைப் பாப்பா என்று கூப்பிடுகிறாளே என்று ஒரு காலத்தில் கூச்சமாக இருந்தது. இப்போது கூச்சப்படவும் அலுப்பாக இருக்கிறது.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஊருக்கே விளக்கிச் சொல்லி ஓய்ந்துவிட்டதால் இங்கே விட்டுவிடுகிறேன். காரிமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர். கொஞ்சம் மாமரங்கள், தண்ணீர் இருக்கும் வருஷம் தக்காளி. தம்பி பெங்களூரில் இருக்கிறான். அவனுக்கும் ஆங்கிலம் நன்றாகவே வரும், ஆனால் அது போன் வழியாக மட்டுமே வரும்.

பதினோராம் வகுப்புக்கு ஆங்கில மரபுத்தொடர்கள் நடத்துவது என் வேலைகளில் ஒன்று. நேரடியாகப் பொருள் கொள்ளக் கூடாது என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். பிள்ளைகள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டு, அப்புறம் நேரடியாகத்தான் பொருள் கொள்வார்கள். 'டச் அண்ட் கோ' என்றொரு தொடர் உண்டு. ஒரு காரியம் நல்லபடியாக முடியுமா முடியாதா என்று கடைசி வரைக்கும் சொல்ல முடியாத நிலைமைக்கு அப்படிச் சொல்வார்கள். தமிழில் இழுபறி என்று எழுதிப் போடுவேன். கப்பலின் அடிப்பாகம் தரையில் தட்டி, மாட்டிக்கொள்ளாமல் நகர்ந்துவிடுவதிலிருந்து வந்த சொல் என்று எங்கோ படித்திருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் கடலும் இல்லை, கப்பலும் இல்லை. ஒகேனக்கல் பரிசல் பாறையில் இடித்துத் தப்புவதைச் சொல்லி ஒப்பேற்றுவேன்.

இதை வைத்து ஒரு வாக்கியம் அமைக்கச் சொன்னால் வருஷத்துக்கு ஒருவராவது எழுதுவது ஒன்றுதான்: எங்கள் ஊர் நிறுத்தத்தில் பஸ் டச் அண்ட் கோ. அதாவது பஸ் நிற்பதில்லையாம், தொட்டுவிட்டுப் போகிறதாம். சிவப்பு மையால் அடித்துவிடுவேன். அடித்தபின் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அந்த பஸ்ஸில்தான் நானும் தினமும் ஓடி ஏறுகிறேன்.

போன ஐப்பசியில் அப்பா மழையில் நனைந்துகொண்டு தக்காளிச் செடிக்கு நட்ட குச்சிகளை நிமிர்த்தப் போனார். போகாதீர்கள் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. நான் சொல்லி அவர் எதைத்தான் காதில் வாங்கினார்? இருமல் வந்தது. மிளகுக் கசாயம் போதும் என்றார். காய்ச்சல் வந்தது. அதற்கும் கசாயம் என்றார். ஒரு காலையில் கட்டிலில் உட்கார்ந்தபடி மூச்சை இழுக்க முடியாமல் தோள்கள் ரெண்டும் ஏறி ஏறி இறங்க, கசாயம் என்ற சொல்லைக்கூட அவரால் முழுதாகச் சொல்ல முடியவில்லை.

தருமபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரல் முழுக்கச் சளி, விஷக்கிருமி ரத்தத்திலும் கலந்துவிட்டது என்றார்கள். அன்றைக்கே வாயில் குழாய் செருகி, மூச்சு விடும் மெஷினில் போட்டுவிட்டார்கள்.

அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவின் பெரிய டாக்டர் வடநாட்டுக்காரர். வயசு குறைவு, கண்ணுக்குக் கீழே கருப்பு அதிகம். தமிழில் அவருக்குத் தெரிந்தது "வலி இருக்கா", "இருமுங்க", "சாப்டாச்சா" ஆகிய மூன்றும்தான். மற்றதெல்லாம் மூச்சு விடாத ஆங்கிலம். ஆக அங்கேயும் நான் மொழிபெயர்ப்பாளர். அவர் கதவைத் திறந்துகொண்டு வந்து நாலு வரி சொல்லிவிட்டுப் போவார். நான் அதை அம்மாவுக்கு ஒரு விதமாக, தம்பிக்குப் போனில் ஒரு விதமாக, அப்புறம் அத்தைக்கு, சித்தப்பாவுக்கு, கோயில் ஃபாதருக்கு என்று மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் கடைசியில் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "அப்ப பயமில்லையே?" டாக்டரே சொல்லாத பதிலை என் வாயிலிருந்து பிடுங்கப் பார்ப்பார்கள். போனைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டால் என்ன என்று தோன்றும். அது மட்டும் அடித்துக்கொண்டேயிருக்கும்.

சேர்த்ததற்கு மறுநாள் டாக்டர் வெளியே வந்து முகமூடியைக் கீழே இறக்கினார். சிறுநீரகமும் சரியாக வேலை செய்யவில்லை, மருந்தை ஏற்றியிருக்கிறோம், முயற்சி செய்கிறோம் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தவர், "ஐ வில் பி ஹானஸ்ட் வித் யூ. இட் இஸ் டச் அண்ட் கோ" என்று முடித்தார். அம்மாவைப் பார்த்துத் தலையைச் சாய்த்து ஒரு கும்பிடு போட்டார். உள்ளே போய்விட்டார்.

கரும்பலகையில் நானே எத்தனையோ முறை எழுதிய சொல். அது ஒரு நாள் கதவைத் திறந்து வந்து என் அப்பாவைப் பற்றிச் சொல்லும் என்று நினைத்ததேயில்லை.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? பிழைத்தாலும் பிழைப்பார், இல்லாவிட்டால் இல்லை என்பதா? இழுபறி என்பதா? எங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு கிடக்கிறார் என்றால் ஃபாதரைக் கூப்பிட்டு, சாகப்போகிறவருக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வேண்டிய நேரம் என்று அர்த்தம். நான் சொல் தேடி எடுப்பதற்குள் அம்மாவே முந்திக்கொண்டாள்.

"டச் அண்ட் கோன்னாருல்ல? தொட்டுட்டுப் போவச் சொல்றாரா, பாப்பா?"

டச் என்றால் அம்மாவுக்குத் தெரியும், கையில் இருப்பது டச் போன். கோ என்றால் போ என்பதும் தெரியும். அண்ட் பற்றி அவளுக்குக் கவலையில்லை. ஆனால் அவள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது அதனால் மட்டும் அல்ல.

எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவில் தேர் சுற்றி வந்து நின்றதும் சுரூபத்தை, அதாவது மாதா சிலையை இறக்கி, பீடத்துக்கு முன்னால் ஒரு மேஜையில் வைப்பார்கள். ஊரே வரிசையில் நிற்கும். ஒவ்வொருவராக வந்து சுரூபத்தின் பாதத்தைத் தொட்டு, தொட்ட விரலை முத்தம் செய்துகொண்டு நகர வேண்டும். ஃபாதருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் பக்கத்தில் மைக்கோடு நின்று விரட்டிக்கொண்டிருப்பார். "தொட்டுட்டுப் போங்க, தொட்டுட்டுப் போங்க! நின்னு செபம் பண்ணாதீங்க, பின்னால சனம் நிக்குது. தொட்டுட்டுப் போயிக்கிட்டே இருங்க!" வேண்டுவதையெல்லாம் அந்த ஒரு தொடுதலுக்குள் வேண்டிவிட வேண்டும். அம்மா இதில் கெட்டிக்காரி. அப்பாவின் முழங்கால் வலி, மழை, தம்பியின் வேலை, ரொம்ப நாளைக்கு என் கல்யாணம், எல்லாவற்றையும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பாள். நின்றால் பலிக்காது என்பது அவள் கட்சி.

ஆக, டாக்டர் சொன்னதில் அவளுக்கு ஆபத்து எதுவும் கேட்கவில்லை. திருவிழா மைக்தான் கேட்டது.

திருத்துவதுதான் என் தொழில். வகுப்பில் தவறாகப் பொருள் சொன்னால் அங்கேயே நிறுத்திச் சரிசெய்யாமல் நான் அடுத்த வரிக்குப் போகிறவள் இல்லை. அன்றைக்குத் திருத்தத் தெம்பில்லை. இரவு பூராவும் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த முதுகு. காலையிலிருந்து போனில் ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி வறண்ட தொண்டை. அம்மாவின் முகத்தில் ரெண்டு நாளாக இல்லாத ஒரு தெளிவு வேறு வந்திருந்தது. "ம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

இந்த இடத்தில் என் அப்பா அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர்கள் ஒருவரையொருவர் தொட்டு நான் பார்த்ததேயில்லை. சண்டைக்காரர்கள் இல்லை. அவர் சாப்பிடாமல் அவள் சாப்பிட மாட்டாள், அவள் வீட்டில் இல்லாவிட்டால் அவருக்கு ஒரு பொருளும் கைக்குக் கிடைக்காது. ஆனால் தொடுவதில்லை. தண்ணீர்ச் சொம்பை அவர் கையில் கொடுக்காமல் பக்கத்தில் வைப்பாள். கோயிலில் ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் அவள். பஸ்ஸில் அவர் பின்னால், அவள் முன்னால். அவருக்குக் காய்ச்சல் என்றால்கூட, "உங்கப்பா நெத்தியத் தொட்டுப் பாரு, சுடுதா?" என்று என்னைத்தான் அனுப்புவாள். சின்னப் பிள்ளையிலிருந்து அவர் சூட்டை அவளுக்குச் சொல்லிவந்தவள் நான்தான். அந்த மொழிபெயர்ப்பு வேலை ஆங்கிலம் படிக்கும் முன்பே தொடங்கிவிட்டது.

மாலையில் பார்க்க விட்டார்கள். ஒரு நேரத்துக்கு ஒருவர்தான். அம்மா பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். நான் கதவிலிருந்த கண்ணாடிச் சதுரம் வழியாகப் பார்த்தேன். அப்பா குழாய்களுக்கு நடுவே கண்மூடிக் கிடந்தார். அம்மா கட்டிலின் கால்மாட்டுக்குப் போனாள். போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த பாதத்தை வலதுகையால் தொட்டாள். அந்த விரல்களை உதட்டில் வைத்து முத்தம் செய்துகொண்டாள். திரும்பி நேரே கதவுக்கு வந்துவிட்டாள்.

"ஏம்மா, இன்னும் நேரம் இருக்கே. அதுக்குள்ள வந்துட்ட?"

"போகச் சொல்லியிருக்காரில்ல?" என்றாள். அங்கியைக் கழற்றி மடித்து வைத்தாள். அங்கியை யாரும் மடிப்பதில்லை, ஒரு கூடையில் போடுவார்கள். அம்மா மடித்துத்தான் போட்டாள்.

அடுத்த நாள் உள்ளே இருந்த சிஸ்டர் பார்த்துவிட்டார். வெளியே வந்து அம்மாவை நிறுத்தினார். "பேஷண்ட தொடக் கூடாதும்மா. இன்ஃபெக்‌ஷன் ஆயிடும். பாத்துட்டு மட்டும் வாங்க."

"டாக்டரே சொல்லிட்டாருங்க" என்றாள் அம்மா.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். "டாக்டர் தொடச் சொன்னாரா, டீச்சர்?"

"டச் அண்ட் கோன்னு சொன்னாருங்க" என்றேன். ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை.

சிஸ்டர் கொஞ்சம் யோசித்தார். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைசியில், "செரி, கைக்கு நல்லா சானிடைசர் போட்டுக்கிட்டு, கால மட்டும் தொடுங்க. மேல எங்கியும் கை வெக்காதீங்க" என்றார். காலைத் தவிர வேறெங்கும் கைவைக்கும் எண்ணம் அம்மாவுக்கும் இல்லை.

அது காத்திருந்தவர்களிடம் பரவிவிட்டது. சித்தேரி மலையிலிருந்து மகனைக் கொண்டுவந்து பக்கத்துக் கட்டிலில் போட்டிருந்த ஒரு அம்மா, வெறும் தரையில் உட்கார்ந்தவர் எழுந்து என்னிடம் வந்தார். "டீச்சரு, உங்க டாக்டரு சொன்ன அந்த இங்கிலீசு வார்த்தய எங்களுக்கும் சொல்லச் சொல்லுங்க. நானும் என் புள்ளயத் தொட்டுட்டு வந்துடறேன்." அந்தச் சொல் உங்களுக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? சிஸ்டரிடம் போய்க் கேட்டேன். அவர் சலித்துக்கொண்டே சானிடைசர் பாட்டிலை அந்த அம்மாவின் கையில் கவிழ்த்தார். சில நாளில் அந்தப் பையனை வார்டுக்கு மாற்றினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிப்பவர்களுக்கு உறுத்தும்.

அப்பாவுக்கு அப்படிச் சீக்கிரம் ஆகவில்லை. ஒரு நாள் தேவலை, மறுநாள் மோசம். டாக்டர் வந்து நாலு வரி சொல்வார், நான் மாற்றிச் சொல்வேன். என்னை யாராவது வேறு மொழிக்கு மாற்றிப் படுக்கப்போட்டால் தேவலை என்றிருந்தது. பள்ளியிலிருந்து விடைத்தாள் கட்டை அனுப்பியிருந்தார்கள். காத்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து திருத்தினேன். அதில் அந்தத் தொடருக்கான கேள்வியும் இருந்தது. பொருத்துக. பாதிப் பேர் தப்பாகப் பொருத்தியிருந்தார்கள். பேனாவை மூடிவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா மட்டும் காலையும் மாலையும் தவறாமல் உள்ளே போனாள், தொட்டாள், வந்தாள். ஒருமுறை வெளியே வந்து, "இன்னிக்கி கால் சூடா இருந்துது பாப்பா, நேத்து ஜில்லுன்னு இருந்துச்சு" என்றாள். அப்பாவின் சூட்டை அம்மா எனக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கேன்டீனில் டீ வாங்கிவருவதாகச் சொல்லி அந்தப் பக்கம் போய்விட்டேன்.

ஒருவழியாகக் குழாயை எடுத்தார்கள். அப்புறம் வார்டு, அப்புறம் வீடு. நான் கொண்டுபோய்ச் சேர்த்த அப்பாவில் பாதி அளவுதான் திரும்பி வந்தது. முன்னறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டோம். பாத்ரூமுக்குப் பிடித்து அழைத்துப்போக வேண்டும், மெஷினில் மருந்து ஆவி பிடிக்க வைக்க வேண்டும், இருமினால் முதுகைத் தட்ட வேண்டும். என் லீவு தீர்ந்து, காலையில் இதையெல்லாம் செய்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். வீடு திரும்பினால் மறுபடி அதே வேலை. நன்றாகிவிட்டார் என்று ஊர் சந்தோஷப்பட்டது. எனக்குச் சந்தோஷப்பட உட்கார்ந்தாலே தூக்கம் வந்தது.

அம்மா நிறுத்தவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லையே. துடைப்பத்தோடு அந்தப் பக்கம் போனால் அப்பாவின் காலைத் தொட்டு, விரலை முத்தம் செய்துவிட்டுப் போவாள். தண்ணீர் கொண்டுபோகும்போது ஒருமுறை, மாட்டுக்குத் தவிடு கலக்கப் போகும்போது ஒருமுறை. நிற்பதில்லை, உட்காருவதில்லை. முதலில் அப்பாவுக்கு எரிச்சலாக வந்தது.

"என்னாத்துக்குடி சும்மா சும்மா வந்து தொட்டுட்டுப் போற? ஈ ஓட்டறியா?"

"டாக்டரு சொல்லியிருக்காரு. மாத்தர மாதிரிதான். பேசாம படுங்க."

மாத்திரை என்றதும் அப்பா அடங்கிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு அவருக்கு டாக்டர் என்ற சொல்லின் மேல் மரியாதை வந்திருந்தது. கொஞ்ச நாள் போனதும் நான் ஒன்றைக் கவனித்தேன். அம்மாவின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால் அப்பா போர்வையை விலக்கிக் காலை வெளியே நீட்டி வைத்துக்கொள்வார். கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி இருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பூசை முடிந்து கோயிலில் எதற்கோ தங்கிவிட்டாள். அப்பா ரெண்டு மூன்று தரம் வாசலைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "ஏம்மா, உங்கம்மா இன்னும் வல்லியா? மாத்தர நேரம் ஆயிடுச்சே?"

மாத்திரையை நான் அப்போதுதான் கொடுத்திருந்தேன்.

தை பிறந்ததும் ஒரு நாள், காலுக்குப் பதில் கையை நீட்டினார். அம்மா தயங்கினாள். சிஸ்டர் காலை மட்டும்தான் தொடச் சொல்லியிருந்தார். பிறகு கையைத் தொட்டாள், விரலை முத்தம் செய்தாள், போய்விட்டாள். அடுப்படியில் அவள் எதையோ கீழே போட்டு உருட்டிய சத்தம் கேட்டது.

மறுபடி டாக்டரிடம் காட்டும் நாள் வந்தது. அதற்கு முந்தின மாலை, அம்மா மாட்டுக்கொட்டகையில் இருக்கும்போது அப்பா என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். சாதாரணமாக என்னை உட்காரச் சொல்கிறவர் இல்லை.

"டாக்டரு நெசமாத்தான் அப்புடிச் சொன்னாரா? தொட்டுட்டுப் போவச் சொல்லி?"

"அந்த வார்த்தையச் சொன்னாருப்பா."

அவர் என் முகத்தையே பார்த்தார். வயல்காரருக்குப் பொய் தெரியாதா என்ன? ஆனால் அவர் அதைத் தோண்டவில்லை.

"நாளைக்கிப் போறப்ப அதப் பத்தி எதும் பேச்செடுத்துறாத."

"ஏம்பா?"

"ஒடம்பு தேறிடுச்சின்னு நிறுத்திடுவாரு."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எழுந்து பின்கட்டுக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி எடுத்துக் கழுவினேன். இத்தனை மாதம் உடம்பில் ஏறிய அலுப்பெல்லாம் அந்த நேரம் கண் வழியாக இறங்கியது. இந்த மனுஷன் இத்தனை வருஷம் எவ்வளவு பசியோடு இருந்தார் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே. அவருக்கே தெரிந்ததோ என்னவோ.

மறுநாள் வாடகைக் காரில் கூட்டிப்போனோம். அதே டாக்டர், கண்ணுக்குக் கீழே அதே கருப்பு. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்பா முக்காலியில் உட்கார்ந்திருந்தார், அவருக்குப் பின்னால் அம்மா. உள்ளே நுழைந்தபோது தொட்ட கை அவர் தோளிலேயே இருந்துவிட்டது. போவதற்கு அந்தச் சின்ன அறையில் இடமில்லை என்பதால் இருக்கலாம்.

டாக்டரின் முகம் மலர்ந்தது. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்பாவின் முட்டியில் தட்டினார். "லாஸ்ட் டைம் இட் வாஸ் டச் அண்ட் கோ. நவ்..." என்று எங்கள் எல்லோரையும் பார்த்துக் கையை அகல விரித்தார். "நோ மோர் டச் அண்ட் கோ!"

நோ என்றால் அம்மாவுக்குத் தெரியும்.

அப்பாவின் தோளிலிருந்து அவள் கை எழுந்தது. சுட்ட மாதிரி இல்லை, மெதுவாக, திருவிழாவில் மேஜையிலிருந்து சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு போன பிறகு வரிசையில் மிச்சம் நிற்கிறவர்கள் கையை இறக்குவார்களே, அப்படி. அந்தக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். அப்பா டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான்தான் ஏதோ பேச்செடுத்துவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"டெல் தெம், டெல் தெம்" என்றார் டாக்டர் உற்சாகமாக.

எத்தனையோ வருஷமாக மற்றவர்கள் சொன்னதைத்தான் சொல்லிவந்தேன். சிலிண்டர்காரன் சொன்னது, பாங்குக்காரன் சொன்னது, டாக்டர் சொன்னது. கூட்டாமல் குறைக்காமல் சொல்வதில் எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது.

"அம்மா" என்றேன். "இனிமே கோ வேண்டாமாம்."

"என்னாது?"

"தொட்டுட்டுப் போக வேண்டாமாம். உடம்பு நல்லா தேறிடுச்சாம். இனிமே தொட்டுட்டுப் பக்கத்துலயே இருக்கணுமாம்."

அம்மா டாக்டரைப் பார்த்தாள். அவருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் அவர் பெரிதாகத் தலையாட்டி, "எஸ் எஸ், கரெக்ட், கரெக்ட்" என்றார்.

வெளியே வந்ததும் அப்பா கார் வேண்டாம், பஸ்ஸிலேயே போகலாம் என்று ஒற்றைக் காலில் நின்றார். நான் வாதாடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். வாதாடும் தெம்பு எனக்கு அப்போதும் இல்லை. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் காரிமங்கலம் வழியாகப் போகிற வண்டி கூட்டமில்லாமல் நின்றது. அப்பாவை இருவர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரமாக உட்காரவைத்தேன். அம்மா பழக்கத்தில் முன்பக்கம் நடந்தாள். பாதி தூரம் போய் நின்றாள். திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா சேலை மடிப்புக்கு இடம்விட்டு நகர்ந்துகொண்டு ஜன்னலுக்கு வெளியே எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். அம்மாவின் கை அவர் கைமேல் இருந்தது. அப்பா சாய்ந்தால் பிடிக்க வேண்டுமே என்று நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வண்டி கிளம்பியதும் கண்டக்டர் வந்தார். "ஆயா, முன்னால லேடீஸ் சீட்டு காலியாத்தான கெடக்குது. அங்க போயி உக்காருங்க."

"இருக்கட்டும் சாமி" என்றாள் அம்மா, கையை எடுக்காமல். "டாக்டரு போவக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."